முழங்காலுக்குக் கட்டிய குளம்

அரியலூரிலிருந்து செந்துறை போகிற சாலையில் மோட்டார், பைப், வால்வு விற்கிற கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரைப் பற்றி ஊருக்குப் புத்தி சொல்லியே பிழைக்கிறவன். எத்தனை அடியில் தண்ணீர் அகப்படும், எந்த மோட்டார் இழுக்கும், எந்த மோட்டார் ஒரே கோடையில் எரியும் என்று யாரும் கேட்காமலே சொல்வேன். விவசாயிகள் பாவம், தலையாட்டிக்கொண்டே கேட்பார்கள். இத்தனை தகுதியும் உள்ள நான்தான், என் வீட்டுக் கொல்லையில் கிடந்த தண்ணீரிடம் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தண்ணீர் கிடந்த இடத்தை யாராவது தொட்டி என்று சொன்னால் அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நீச்சல் குளம் என்று திருத்துவேன். நீளம் இருபத்தைந்து அடி, அகலம் பன்னிரண்டு, ஆழம் நாலு. இந்த அளவில் நீந்த ஆரம்பித்தால் இரண்டாவது கை வீச்சில் சுவரில் மண்டை இடிக்கும். ஆனாலும் நீல டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. நீல டைல்ஸ் ஒட்டியதற்குப் பிறகு எந்தத் தொட்டியும் தொட்டியாக இருப்பதில்லை.

கட்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. சமையலறையிலிருந்து வாசலுக்கு வர ஆறு இடத்தில் சுவரைப் பிடிப்பாள். தீபாவளி முடிந்த கையோடு திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். நெஞ்சளவுத் தண்ணீரில் தினமும் அரைமணி நேரம் நடக்க முடியுமானால் முதலில் அதைச் செய்து பாருங்கள், உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், முட்டியைச் சுற்றித் தசை பலப்படும், சித்திரைக் கடைசியில் வந்து காட்டுங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் வேறு வழியில்லை என்றார்.

பஸ் லால்குடி தாண்டும்வரை அவள் பேசவில்லை. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"கத்தி மட்டும் வேணாங்க. எங்க அக்காவப் பாத்தீங்கல்ல."

பார்த்திருக்கிறேன். அவளுடைய அக்கா இதே ஆபரேஷன் முடிந்து, காலை மடக்க முடியாமல் இரண்டு வருஷம் கட்டிலோடு கிடந்தவர். ஆயிரம் பேருக்கு நன்றாக ஆகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆயிரம் பேரும் என் மனைவியின் அக்கா இல்லையே.

சரி, நெஞ்சளவுத் தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்து ஏரியில் கார்த்திகையில் இருக்கிற தண்ணீர் தையில் கணுக்கால் அளவுக்கு வந்துவிடும். கிணறுகளில் இறங்கப் படி கிடையாது, இருந்தாலும் அவளுக்கு ஏற முடியாது. டவுனில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறதுதான். அங்கே விசில் ஊதுகிறவர்களுக்கும் குதிக்கிற பிள்ளைகளுக்கும் நடுவில் புடவையோடு நடக்க அவள் ஒப்பவில்லை. ஆகவே வீட்டிலேயே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

முழங்காலுக்காகக் கட்டினேன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி என் மச்சான். மனைவியின் அண்ணன். பெரம்பலூரில் வீடு கட்டி, வாசலில் செயற்கை நீரூற்று வைத்து, நடுவில் சிமெண்டுக் கொக்கு ஒன்றை ஒற்றைக் காலில் நிறுத்தியிருக்கிறார். போகும்போதெல்லாம் அந்தக் கொக்கைப் பற்றிக் கால்மணி நேரம் கேட்டாக வேண்டும். அந்தக் கொக்குக்குப் பதில் சொல்லாமல் செத்துப்போவதில்லை என்று நான் வெகுநாளாக மனதுக்குள் வைத்திருந்தேன். முழங்கால் ஒரு வாய்ப்பாக வந்தது. இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது கூச்சமே இல்லை.

என் யோக்கியதைக்கு ஒரே ஒரு சாட்சி போதும். குளத்துக்குள் இறங்குவதற்கு, பெரிய ஓட்டல்களில் இருக்கிற மாதிரி பளபளவென்று ஒரு எவர்சில்வர் ஏணியை வாங்கிவந்து செங்குத்தாக மாட்டினேன். அவள் வந்து பார்த்தாள். ஏணியின் மேல்கம்பியைத் தொட்டாள்.

"இதுல ஏறி எறங்க முடிஞ்சா எனக்கு எதுக்குங்க கொளம்?"

ஏணியைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையில் அகலமாக ஐந்து படியும் பிடித்துக்கொள்ளக் குழாயும், வெளியே தண்ணீரை வடிகட்ட ஒரு மணல் ஃபில்டரும் வைத்தோம். கொத்தனார் வேலை, மழை, டைல்ஸ் என்று இழுத்து, எல்லாம் முடிந்தபோது மாசி பிறந்துவிட்டது. சித்திரைக் கடைசிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

மாசி முதல் வாரம் போர் மோட்டாரைப் போட்டு ஒரு பகலும் மறுநாள் மதியம் வரைக்கும் நிரப்பினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த ஒரு வேப்பிலையின் நரம்பைக்கூட எண்ணலாம். போட்டோ எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். எல்லோரும் பூவும் கைகூப்பும் அனுப்பினார்கள். மச்சான் கட்டை விரலை மட்டும் அனுப்பினார். அந்தக் கட்டை விரலில் இருந்த வயிற்றெரிச்சலைப் பார்த்துப் பார்த்து ரசித்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் முறைப்படி செய்கிறவன். குளத்துத் தண்ணீரில் கிருமி வரக்கூடாது என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். மேல்நிலைத் தொட்டிக்கு ஊராட்சியில் போடுகிறார்களே, அதே பொடி. எவ்வளவு என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்ன அளவு எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. மனைவி இறங்கப்போகிற தண்ணீர். மூன்று மடங்காகப் போட்டேன்.

மறுநாள் காலை அவள் நடைக்குத் தயாராக வந்தாள். சாலையிலிருந்து யாரும் பார்க்காமல் இருக்கக் குளத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தேன். மகளுடைய பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு, வலையை விலக்கினாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். குரலில் பதற்றம் எதுவும் இல்லை. பதற்றம் மொத்தத்தையும் நான் எடுத்துக்கொள்வேன் என்று தெரிந்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

குளம் முழுக்க டீ. பால் விடாத, நன்றாகக் கொதித்த கடுங்காப்பி நிறம் என்றாலும் சரிதான். முதல் படி தெரிந்தது. இரண்டாவது படி தெரியவில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். டைல்ஸ் கடைக்கு போன் போட்டு, உங்கள் டைல்ஸில் சாயம் போகிறது என்று சத்தம் போட்டேன். நீல டைல்ஸில் போகிற சாயம் எப்படிச் செங்காவியாக இருக்கும் என்று அந்த மனிதர் கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் போனை வைத்துவிட்டேன். அடுத்து, வேலித் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து நிலத்துக்காரர் எதையோ கலந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். விஷமாக இருக்கலாம் என்று தோன்றியது. விஷமா என்று சோதிக்க ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இந்தச் சோதனை முறையில் உள்ள குறை எனக்கு உடனே தெரியவில்லை, தெரிந்தபோது உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்தும் சாகவில்லை என்பதால் எழுந்து, வெள்ளை வேட்டியோடு தண்ணீரில் இறங்கி அடியில் எதையோ தேடினேன். வேட்டி போலீஸ்காரர் கால்சட்டை நிறத்தில் வெளியே வந்தது.

அவள் சுவரைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம போர் தண்ணிங்க," என்றாள். "இதுல சோறு வடிச்சா மஞ்சளா வருது, டீ போட்டா கறுப்பா வருதுன்னு பதினஞ்சு வருசமா சொல்றேன். அண்டால புடிச்சு வச்சு ஒருநா வுட்டு, அடியக் கலக்காம மேலாப்புல மோந்தா சரியாப் போவுது."

அதற்கு நான் சொன்ன பதிலை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை, மறக்க விடுவதும் இல்லை. "நீ சொல்றது சமையல். இது இன்ஜினியரிங்" என்றேன்.

நான் படித்தது பி.காம். அதிலும் ஒரு பேப்பர் பாக்கி.

இன்ஜினியரிங் ஆரம்பமாயிற்று. முதலில், பிளீச்சிங் போதவில்லை, அதனால்தான் அழுக்கு என்று இன்னும் ஒரு பங்கு போட்டேன். நிறம் இன்னும் இறுகியது. ஒரு மூலையில், அவசரத்தில் கரைக்காமலே கொட்டிய இடத்தில், அடி டைல்ஸில் விசிறி விரித்த மாதிரி ஒரு காவிக்கறை விழுந்தது. அப்புறம் படிகாரம். கிணறு கலங்கினால் படிகாரம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம், அது தப்பில்லை. நான் அதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டதோடு நிற்காமல், தெளிகிறதா தெளிகிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூங்கில் கழியால் கலக்கிப் பார்த்தேன். தெளிய விட்டால்தானே தெளியும்.

நாலாம் நாள் எனக்கு விவசாய மூளை வேலை செய்தது. தண்ணீர் கெட்டுவிட்டதா, வெட்டிவிடு, புதுத் தண்ணீர் பாய்ச்சு. அவ்வளவுதானே. மொத்தத்தையும் கொல்லையில் திறந்துவிட்டேன். பிளீச்சிங்கைக் குடித்த இரண்டு எலுமிச்சங்கன்றும் ஒரு கறிவேப்பிலையும் ஒரு வாரத்தில் நுனி கருகின. புதுத் தண்ணீருக்கு எங்கே போனேன்? அதே போருக்குத்தான். இந்தத் தடவை என் கடையிலிருந்தே பெரிய மோட்டாராகக் கொண்டுவந்து இறக்கினேன். சின்ன மோட்டாருக்குத்தான் கெட்ட தண்ணீர் வரும், பெரிய மோட்டாருக்கு நல்ல தண்ணீர் வரும் என்பது போல. ஊரில் எந்த விவசாயியாவது என் கடையில் வந்து இப்படிப் பேசியிருந்தால் அவர் போன பிறகு அரைநாள் சிரித்திருப்பேன்.

குளம் மறுபடி கண்ணாடியாக நிரம்பியது. மறுபடி போட்டோ. மறுபடி பூக்கள். மறுபடி பிளீச்சிங் பவுடர். மறுநாள் காலை மறுபடி டீ.

இப்போதுதான் நான் நிஜமாகவே பயந்தேன். எங்கள் சமையலறையில் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று மாட்டியிருக்கும். அவள் தினமும் காலையில் ஒரு தாளைக் கிழித்து, நாலாக மடித்து, அடுப்பு மேடையில் ஓரமாக வைப்பாள். மடித்த தாள்கள் அங்கே அடுக்காக உயர்ந்துகொண்டிருந்தன. நான் காப்பி வாங்கப் போகும்போதெல்லாம் அந்த அடுக்கைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்ப்பேன். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஊரார் எல்லாம் விளைந்ததில் ஒரு மூட்டை கொண்டுபோய்ப் போடுகிறார்கள், என்னிடம் விளைந்தது பிளீச்சிங் பவுடர் மட்டும்தான் பெருமாளே, அதில் ஒரு மூட்டை எடுத்துக்கொள் என்றேன். பெருமாள் பதில் சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை.

மாசி முடிகிற சமயத்தில் மச்சான் வந்தார். இரண்டு போட்டோவையும் பார்த்தவர், மூன்றாவது போட்டோ வராததை மோப்பம் பிடித்துவிட்டார். பச்சை வலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாப்ள, டிகாஷன் நல்லா எறங்கியிருக்கு. பால் எப்ப ஊத்துறீங்க?"

"உங்க கொக்க அனுப்பி வைங்க மச்சான். வந்து மேலாக்க பாலாடைய எடுக்கட்டும்."

"கொக்கு வெள்ளையா இருக்குங்க மாப்ள. வந்தா காவி கட்டிக்கிட்டுத்தான் திரும்பும்."

நான் சிரித்துவிட்டேன். நல்ல நகைச்சுவைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மச்சான் அதோடு விடவில்லை. காப்பி குடித்துக்கொண்டே, குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்.

"வெளையாட்டுக்குச் சொல்லல மாப்ள. இது ஆவாது. சித்திரை வரைக்கும் இழுக்காம தங்கச்சிக்கு ஆபரேஷனுக்கு நாள் பாத்துருவோம். நானே கூட இருந்து பாத்துக்கறேன்."

அவருடைய தங்கை டம்ளரை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள். டம்ளரை எடுக்காமல் உள்ளே போனாள். சமையலறைக்குப் போகிறவரை ஆறு இடத்தில் சுவரைப் பிடித்தாள். நான் எண்ணினேன். மச்சானும் எண்ணினார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கப்புறம் அவர் கொக்கைப் பற்றியோ குளத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனார்.

அந்த வாரம் என் கடைக்கு ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்டு ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற நண்பர் வந்தார். குழாய்க்கு வாஷர் வாங்க வந்தவரை உட்காரவைத்து என் மொத்த சோகத்தையும் சொன்னேன். பெருமைக்குரிய பகுதிகளைக்கூட விட்டுவிட்டேன். அவர் பாதியில் எழுந்து, வாங்கண்ணே, வூட்டுக்குப் போயி பாத்துருவோம் என்றார்.

வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். இரண்டிலும் போர் தண்ணீரைப் புதிதாகப் பிடித்தார். இரண்டும் ஒரே தெளிவு. ஒன்றில் சிட்டிகை பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கலக்கிவிட்டு என்னோடு ஊர்ப் பேச்சுப் பேசினார். பேச்சு முடிவதற்குள் அந்த டம்ளர் மட்டும் மஞ்சளாகி, அப்புறம் டீயாகிவிட்டது. ஒரு மாதமாக முப்பதாயிரம் லிட்டரில் நான் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியை அவர் ஒரு டம்ளரில் முடித்துவிட்டார்.

"இரும்புண்ணே," என்றார். "கரைஞ்சு இருக்கறவரைக்கும் கண்ணுக்குத் தெரியாது, சக்கரை மாதிரி. பிளீச்சிங் பட்டா துருவாப் பிரியும். நீங்க போடப் போட அது தெரிஞ்சுக்கிட்டே இருக்கு. தண்ணிய மாத்தினா புது இரும்பு."

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, இந்தத் தண்ணியிலயா சமைக்கிறீங்க அண்ணி என்று கேட்டார். அவள் அண்டாக் கதையைச் சொன்னாள். பிடித்து வைப்பது, ஒரு நாள் விடுவது, கலக்காமல் மேலே மொள்ளுவது, அடியில் நிற்கிற காவி வண்டலைச் செடிக்கு ஊற்றுவது. அவர் முழுக்கக் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அண்ணி செய்யறதேதான். கொளத்துலயும் அதேதான் செய்யணும்."

உள்ளேயிருந்து என் மனைவி, "அது சமையலுங்க. இது இன்ஜினியரிங்," என்றாள்.

போகிறபோது அந்த நண்பர் ஒரு நல்ல காரியமும் செய்தார், அதை நான் கெட்டதாக மாற்றினேன். அடியில் விழுந்த கறை இரும்புக் கறைதானா என்று தெரிய வைட்டமின் சி மாத்திரை ஒன்றை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், இரும்பாக இருந்தால் மறையும் என்றார். வீட்டில் சளிக்கு வாங்கிய சப்புகிற மாத்திரை ஒன்று இருந்தது. படியில் இருந்த கறையில் வைத்துத் தேய்த்தேன். மறைந்தது. மந்திரம் மாதிரி மறைந்தது. ஒரு மாத்திரை ஒரு கறையைத் தின்றால், ஆயிரம் மாத்திரை ஒரு குளத்தையே தின்னாதா?

அரியலூரில் நாலு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். போதாமல் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். அங்கே ஒரு கடைக்காரர், வீட்டில் யாருக்கு என்ன சார், இத்தனை டப்பா எதற்கு என்று அக்கறையாகக் கேட்டார். குளத்துக்கு என்று சொன்னேன். அவர் அதற்குமேல் அக்கறை காட்டவில்லை, மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் தொடங்கினார்.

எல்லாவற்றையும் உரலில் இடித்துக் கொட்டினேன். கொல்லை முழுக்க ஆரஞ்சு மிட்டாய் வாசனை. மறுநாள், சொன்னால் நம்பமாட்டீர்கள், தண்ணீர் தெளிந்தே விட்டது. கறைகள் போயின, அந்த விசிறிக் கறை மட்டும் அசையவில்லை. நான் துள்ளினேன். அவளை இறக்குவதற்கு முன்னால் தண்ணீர் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக, ஒரே ஒரு கை, வெறும் ஒரே ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் டீ. நண்பருக்குப் போன் போட்டேன். அந்த மாத்திரை துருவை மறுபடி கரைத்துத் தண்ணீரிலேயே ஒளித்து வைத்திருக்கிறது, பிளீச்சிங் அதை மறுபடி வெளியே இழுத்துவிட்டது, இரும்பு எங்கேயும் போகவில்லை அண்ணே, அதை வெளியே எடுக்கிற வேலையை மட்டும் நீங்கள் இன்னும் செய்யவே இல்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதை இல்லாமல் சொல்லியிருந்தால் தேவலை.

குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பங்குனி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. நான் பாட்டுக்குச் சிரிப்புக் காட்டுகிறவன், எனக்கு அழவெல்லாம் வராது என்று நினைத்திருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை ஊன்றி ஊன்றி, அதன் துணையில் மோட்டார் பெட்டி வரைக்கும் நடந்தாள். கதவைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மூணு நாளு. மோட்டாரு, ஃபில்டரு, கழி, மாத்திரை, ஒண்ணும் கெடையாது. நீங்க இந்த வலைக்குள்ளயே வரக் கூடாது."

என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான மூன்று நாள் கிடையாது. கடையில் உட்கார்ந்தால் கை பரபரக்கும். வீட்டுக்கு வந்தால் வலைக்கு வெளியே நின்று ஓட்டை வழியாகப் பார்ப்பேன். அவள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஒரு தடவை மெதுவாக, லேசாக ஒரு கலக்குக் கலக்கட்டுமா என்று கேட்டேன். அவள் முந்தானை முடிச்சை மட்டும் தொட்டுக் காட்டினாள்.

நாலாம் நாள் காலையில் உள்ளே வரச் சொன்னாள். மேலே தண்ணீர் வெளுத்திருந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்குக் காவி வண்டல், படுக்கை விரித்த மாதிரி. ஓஸ் குழாயை எடுத்துவந்து, ஒரு முனையைக் கழியில் கட்டி அடியில் வைத்து, மறுமுனையைக் கொல்லையின் தாழ்ந்த பக்கம் வைத்து வாயால் உறிஞ்சி இழுத்துவிடச் சொன்னாள். வண்டலை மட்டும் வெளியேற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் டிராக்டரிலிருந்து டீசல் எடுக்கும் முறை. எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் முதல் மடக்கு துரு முழுசாக உள்ளே போயிற்று. அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். நான் குப்புறப் படுத்துக்கொண்டு குழாய் முனையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். வேகமாக நகர்த்தினால் வண்டல் புகையாக எழும்பும். எழும்பும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து, "அண்டாவுல அடியத் தொட்டுட்டீங்க," என்று சத்தம் வரும். அன்று மதியம் வரைக்கும் நான் ஒரு பெரிய அண்டாவின் ஓரத்தில் படுத்திருந்தேன்.

குறைந்துபோன தண்ணீருக்கு இரண்டு டிரம் வைத்தோம். போர் தண்ணீரைப் பிடித்து, டேங்க் ஆபரேட்டர் சொன்ன அதே கஞ்சத்தனமான அளவு பிளீச்சிங்கைப் போட்டு, ஒரு நாள் விட்டு, மேலாக எடுத்து, முன்பு காவியாகிப்போன என் வேட்டியை நாலாக மடித்து அதன் வழியாக வடிகட்டிக் குளத்தில் விட்டோம். அந்த வேட்டியால் அதற்கு மேல் வேறு பயனும் இல்லை. பிறகுதான் ஃபியூஸ் கட்டை திரும்பக் கிடைத்தது. ஃபில்டரை ஓடவிட்டு, அடைத்துப்போன மணலை இரண்டு தடவை கழுவினேன். பங்குனி பாதியில் குளம் நீலமானது. போட்டோ எடுக்கப் போனவன் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அவள் ஐந்து படியும் குழாயைப் பிடித்தபடி இறங்கினாள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் நின்றாள். கையை விட்டாள். ஒரு அடி. இன்னொரு அடி. பிடிக்கச் சுவர் இல்லாத இடத்தில் நடந்துகொண்டிருந்தாள். நான் கரையில் கூடவே நடந்தேன். நீங்க எதுக்கு நடக்கறீங்க, உங்களுக்கா முட்டி வலி என்று விரட்டிவிட்டாள்.

நடக்கக் கிடைத்தது ஒன்றரை மாதம். மீதியை நான் டீயாக்கிவிட்டிருந்தேன். சித்திரைக் கடைசியில் திருச்சிக்குப் போனோம். டாக்டர் காலை மடக்கினார், நீட்டினார். முக்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அவள் எழுந்தாள், ஆனால் இரண்டாவது முயற்சியில்தான். அவர் தசையை அழுத்திப் பார்த்துவிட்டு, கத்தி இப்போதைக்கு வேண்டாம், நடையை விடாதீர்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அந்த "இப்போதைக்கு" எனக்குக் காதிலேயே நின்றது. அவளுக்கு நிற்கவில்லை. லால்குடி வருவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டாள், அரியலூர் வரைக்கும் நிறுத்தவில்லை.

சேதி கேட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். அவள் தண்ணீரில் இருந்தாள். அவர் வலைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கரையில் குந்தி உட்கார்ந்து தங்கை நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அப்புறம் அவருக்கே அது பொறுக்கவில்லை. எதிர் மூலையில் அடியில் விரிந்திருந்த விசிறிக் கறையைக் காட்டினார்.

"மாப்ள, எல்லாத்தையும் வெளக்கிட்டு இத மட்டும் வுட்டுட்டீங்களே. வாஸ்துவா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரம்பலூர் மாத்திரையில் மிச்சம் ஒன்று அன்றைக்கும் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன்.

"அதத் தொடாதீங்க," என்றாள் தண்ணீருக்குள்ளிருந்து. "அங்க வந்துதான் நான் திரும்புறது."

கறை வரை வந்தாள். காலால் அதைத் தொட்டாள். திரும்பினாள். அண்ணனைப் பார்த்து, சுற்றின் எண்ணிக்கையை விட்டுவிடாமல், பதினொண்ணு என்றாள்.

நான் மாத்திரையை வாயில் போட்டுச் சப்பினேன். ஆரஞ்சு. நன்றாகவே இருந்தது.